தீனியா, உண்ணி மருந்தா? நாய்க்கு ஒதுக்கும் காசை முதலில் எதில் போடுவது

அக்கா மகன் கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். போன மாதம் ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி வந்து வைத்துக்கொண்டு எனக்கு போன் போட்டான். "மாமா, எந்தத் தீனிங்க நல்லது? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், யூடியூப்ல வேற சொல்றாங்க, அம்மா தயிர்சோறே போதும்ங்குது." நாய் வாங்கிய யாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "குட்டியோட காதுக்குள்ளயும் விரல் சந்துலயும் பார்த்தியா சாமி, உண்ணி இருக்குதா?" என்றேன். பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். ஏழு இருந்ததாம்.

அவனுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளையில் இருபது வருடமாக நாய் வளர்க்கிறவன், சில தப்புகளைக் காசு கொடுத்தும் ஒரு தப்பை ஒரு நாயையே கொடுத்தும் கற்றவன், அவ்வளவுதான். இப்போது இருப்பவை இரண்டு நாட்டு நாய்கள்: காரி, செவலை. மாட்டு நிறத்துப் பெயரை நாய்க்கு வைத்ததற்கு அப்பாரு இருந்திருந்தால் திட்டியிருப்பார். இவற்றுக்கு முன்னால் மணி.

மணி செத்தது ஐந்து வயதில், ஒரு மே மாதம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நிழலிலேயே படுத்துக் கிடந்தது. வேசகாலம், நமக்கே சோறு இறங்காதபோது நாய்க்கு எப்படி இறங்கும் என்று மோரை ஊற்றிவிட்டு விட்டுவிட்டேன். நாலாவது நாள் மூக்கில் ரத்தம் வந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைத் துணி போல வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன, உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். எர்லிக்கியா என்று அதற்குப் பெயர். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் விடாமல் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் நோய்தான், ஆனால் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். மணிக்குக் கொடுத்தது ஆறு நாள். அந்த வருடம் முழுக்க அதற்கு நல்ல கறியும் முட்டையும் போட்டு வளர்த்திருந்தேன் என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அதனால்தான் தீனிப் பேச்சுக்கு முன்னால் உண்ணிப் பேச்சு. நம் பக்கத்தில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணிக்குக் குளிர்காலம் என்று ஓய்வு எதுவும் கிடையாது, வருடம் முழுக்க இனப்பெருக்கம்தான். கட்டுத்தரையில் மாடு இருக்கிறது, அதிலிருந்துதான் நாய்க்கு ஏறுகிறது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னவன்தான். மாட்டு உண்ணி வேறு சாதி. அது குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, ரத்தம் குடித்து முடித்துக் கீழே விழும். நாய் உண்ணி அப்படி இல்லை: குஞ்சாக ஒரு முறை, அடுத்த பருவத்தில் ஒரு முறை, வளர்ந்தபின் ஒரு முறை என்று மூன்று தடவை ஏறிக் குடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஒளிந்துகொண்டு தோல் உரிக்கும். ஒரு பெட்டை உண்ணி அந்த இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். வளர்ந்தது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. நாயின் மேல் நீங்கள் ஏழு பார்த்தால் வீட்டில் அதைவிடப் பல மடங்கு காத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது மாடி என்பதெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை, சுவரில் மேலே ஏறுவதுதான் அதன் குணம்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

கையால் பொறுக்குவதும் வேப்பெண்ணெய் பூசுவதும் முதல் வழி. காசு இல்லை. பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து நாயைத் தடவிக்கொண்டே பொறுக்குவது நாய்க்கும் பிடிக்கும், நமக்கும் ஒரு வேலை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது ரத்தம் குடித்து உப்பியதுதான். கடுகு அளவுக்கும் சின்னதாக இருக்கும் குஞ்சு கையில் சிக்காது. எடுக்கும்போது தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும், நகத்தில் நசுக்கக் கூடாது. வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், கொல்லும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து பூசுவது இங்கே பல வீட்டில் நடக்கிறது. நாய் தன் உடம்பை நக்கும், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோய் விடும். மண்ணெண்ணெயும் வேண்டாம். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தில் மிச்சத்தை நாய்க்கும் ஒரு அடி அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

பவுடர், உண்ணி சோப்பு, உண்ணி ஷாம்பூ எல்லாம் ஒரே கணக்குதான். அன்றைக்கு நாயின் மேல் இருப்பது சாகும், நாலு நாளில் சுவரிலிருந்து புதிது ஏறும். நிறைய உண்ணி இருக்கும்போது முதல் நாள் பாரத்தைக் குறைப்பதற்குச் சரி. அதையே முழு வைத்தியம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஐந்து தடவை வாங்கி, கடைசியில் மாத்திரைக்கு ஆகும் காசு இதிலேயே ஆகிவிடும்.

தோளுக்கு மேலே முடியை விலக்கித் தோலில் விடுகிற சொட்டு மருந்து, ஃபிப்ரோனில் என்று இருக்கும், மாதம் ஒரு தடவை. விலை நடுத்தரம். விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது, ஏனென்றால் தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவித்தான் அது வேலை செய்கிறது. மாடி வீட்டு நாய்க்கு இது பொருந்தும். என் காரிக்குப் பொருந்தவில்லை. வாய்க்காலைக் கண்டால் இறங்கிப் படுத்துக்கொள்கிற நாய்க்குச் சொட்டு மருந்து விடுவது ஆற்றில் போட்ட பெருங்காயம்தான். கழுத்துப் பட்டையும் அப்படியே. நல்ல பட்டை மாதக்கணக்கில் உழைக்கும், ஆனால் இரண்டு நாய் இருந்தால் ஒன்று கழுத்தை மற்றது கடித்து இழுக்கும், மருந்துப் பட்டையைக் கடித்து விழுங்கினால் அது தனி அவசரம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலும் பட்டையைப் பற்றி யோசித்துத்தான் செய்ய வேண்டும். பூனை வளர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம், இரண்டும் ஒட்டிப் படுப்பவையாக இருந்தால் அந்த மருந்தே வீட்டுக்குள் வர வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. கறி வாசனையோடு மிட்டாய் போல இருக்கும், சோற்றோடு கொடுத்தால் நாயே கேட்டு வாங்கித் தின்னும். அஃபாக்ஸோலேனர் வகை மாதம் ஒன்று, ஃப்ளூரலேனர் வகை 12 வாரத்துக்கு ஒன்று. மூன்று மாத மாத்திரை ஒன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் கேட்கும்போது முதல் தடவை எனக்கும் வயிறு எரிந்தது. 12 வாரத்தால் வகுத்துப் பார்த்தேன், வாரம் ஒரு கோழி முட்டை அட்டை வாங்குகிற காசு அளவுக்குத்தான் வருகிறது. குளித்தாலும் வாய்க்காலில் புரண்டாலும் மருந்து ரத்தத்தில் இருப்பதால் கரையாது. குறை என்னவென்றால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும், அதனால் நோய் தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறையுமே தவிர அடியோடு போய்விடாது. வலிப்பு வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சின்னக் குட்டிக்கு பொதுவாக எட்டு வாரமும் 2 கிலோவும் ஆகியிருக்க வேண்டும். எடைக்கு ஏற்றபடி தனித்தனி மாத்திரை வருகிறது, பெரியதை வாங்கி உடைத்து இரண்டு நாய்க்குப் பங்கு போடுகிற சாமர்த்தியம் மட்டும் வேண்டாம். மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிராமத்தில் இதுதான் அதிகம் நடக்கிறது. மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினைக் கொஞ்சம் நாய்க்கும் போட்டுவிடுவது. மாடு 300 கிலோ, நாய் 15 கிலோ. சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலே அளவு எங்கேயோ போய்விடும். கோலி என்கிற வெளிநாட்டு மேய்ச்சல் நாய் மாதிரி சில இனங்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் மரபணுவே பழுது, அவற்றுக்குக் கொஞ்சம் கூடினாலும் உயிர் போகும். ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு அந்தப் பழுது உண்டு, நம் ஊரில் அல்சேஷன் என்று சொல்லி வளர்ப்பதும் அதைத்தான்.

எந்த மருந்தை எடுத்தாலும் வீட்டைப் பார்க்காவிட்டால் பாதி வேலைதான். நாய் படுக்கிற சாக்கை வாரம் ஒரு தடவை கொதிதண்ணீரில் போட்டெடுங்கள், இல்லை வெயிலில் போட்டு வேறு சாக்கு மாற்றுங்கள். சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தோம். அதற்கப்புறம்தான் எங்கள் சாளையில் உண்ணி குறைந்தது. நாட்டுக்கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்னும், அது உண்மைதான். ஆனால் கொடாப்பில் பத்துக் கோழி இருக்கிறது, அதனால் மருந்து வேண்டாம் என்று இருந்தவன் நான்தான், மணியின் காலத்தில்.

ஆக, தோட்டத்து நாய்க்கு மாத்திரை, வேறு பேச்சில்லை. மாடி வீட்டு நாய்க்குச் சொட்டு மருந்தும் ஓடும், ஆனால் மாதம் தவறாமல் விடுகிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அக்கா மகனும் அவன் வீட்டுக்காரியும் இருவரும் ஐ.டி. வேலை, மாதா மாதம் ஞாபகம் வைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று காலண்டரில் எழுதச் சொன்னேன். குட்டி எடை கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

இனி தீனி. இதில் சண்டை பெரிது, வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. பாக்கெட் தீனி மட்டும், வீட்டுச் சாப்பாடு மட்டும், இரண்டும் கலந்து என்று மூன்று வழி.

வீட்டுச் சாப்பாடு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாம் தின்றதில் மிச்சம். அதில்தான் சிக்கல். கொங்குச் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத பாத்திரம் எது? அரிசியும் பருப்பும் சாதத்தில் வெங்காயமும் பூண்டும் வெந்து கரைந்து கிடக்கும். பள்ளிபாளையம் சிக்கனில் கறிக்குச் சரிக்குச் சரி வெங்காயம். விருந்தாளி வந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமெல்லாம் நாய்த் தட்டுக்குப் போகும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். 10 கிலோ நாய் ஒரே வேளையில் 50 கிராம் வெங்காயத்துக்கு மேல் தின்றாலே ஆபத்துதான், வேக வைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேரும். இரண்டு நாள் கழித்துத்தான் சோர்வு தெரியும் என்பதால் யாரும் அந்தக் குழம்பைச் சந்தேகப்படுவதே இல்லை. ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். திராட்சையும் கிஸ்மிஸும் சாக்லேட்டும் இதே பட்டியல். பாயசத்தில் கிஸ்மிஸ் இருக்கும், கவனம்.

நாய்க்கென்று தனியாகச் சமைத்தால் அது நல்ல வழி. எங்கள் வீட்டில் ஒரு பெரிய குண்டாவில் அரிசியோ ராகியோ, கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய கோழிக் கழுத்து, கால், ஈரல், ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ. உப்பு பேருக்குக் கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம், மிளகாயும் வெங்காயமும் கிடையாது. வெந்ததும் எலும்பை எல்லாம் எடுத்துவிட வேண்டும். வெந்த எலும்பு ஈட்டி மாதிரி உடையும், குடலைக் கிழிக்கும். பச்சைக் கழிவை அப்படியே போடுவதும் வேண்டாம். பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை ஓரத்தில் செத்த கோழியை இழுத்து வந்து தின்ற நாயை நாலு நாள் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த சொந்தக்காரர் எனக்கு இருக்கிறார்.

இந்தச் சமையலில் ஒரு ஓட்டை உண்டு. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பை எடுத்துவிட்ட பிறகு கால்சியம் எங்கிருந்து வரும்? வளர்ந்த நாட்டு நாய் இதை எப்படியோ சமாளிக்கிற மாதிரி தெரியும், குட்டி சமாளிக்காது, கால் வளையும். நாமக்கல் முட்டை மலிவாகக் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்காக டப்பா வாங்க வேண்டியதில்லை: முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். காரிக்கும் செவலைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு ஓடு போடுகிறேன். ஆனால் குட்டிக்கு, அதுவும் லேப்ரடார் போலப் பெரிதாக வளரும் இனத்துக்கு, இந்தக் கைக்கணக்கு ஆகாது. கால்சியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் எலும்பு கோணும். அங்கேதான் பாக்கெட் ஜெயிக்கிறது.

பாக்கெட்டின் நல்ல குணம் அதுதான், அளவு கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். குட்டித் தீனியில் புரதம் 22 சதவீதத்துக்குக் குறையாமலும் வளர்ந்த நாய்த் தீனியில் 18க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். அதற்கு மேல் படத்தில் ஓநாய் ஓடுகிறதா, சால்மன் மீன் குதிக்கிறதா என்பதற்கெல்லாம் நான் காசு கொடுப்பதில்லை. 20 கிலோ சாக்கு மலிவு என்று ஒரே நாய்க்கு வாங்காதீர்கள். திறந்து வைத்தால் எண்ணெய்ப் பசை காறிப்போகும், எறும்பும் வண்டும் வரும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற கடையில் சாக்கு எப்போது திறந்தது என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், பரவாயில்லை, கேளுங்கள். விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடாமல் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போட வேண்டும் என்று பார்த்து நாளுக்கு எவ்வளவு என்று போட்டால், மலிவுத் தீனி சில சமயம் மலிவே இல்லை என்று தெரியும்.

அளவு விஷயத்தில் லேப்ரடார் தனிக்கதை. எவ்வளவு போட்டாலும் பட்டினி கிடந்த மாதிரியே பார்க்கும். 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள்: ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அதனால் அது கெஞ்சுவதைப் பார்த்து இரங்கக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. இதுதான் அளவு. டீக்கடையில் நிற்கும்போது போடுகிற பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரும், அம்மா கொடுக்கிற தயிர்சோறும் சேரும். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

என் தீர்ப்பு: ஒரு வயது வரை குட்டிக்குப் பாக்கெட், நடுத்தர விலையில் எது தொடர்ந்து கிடைக்கிறதோ அது. அதற்கப்புறம் வீட்டில் சமைக்க ஆள் இருந்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம், மாற்றுவதை ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேதி. சமைக்க ஆள் இல்லாத வீட்டில் ஓட்டல் சோறு வாங்கிப் போடுவதைவிடப் பாக்கெட்டே மேல்.

டாக்டர் விஷயத்துக்கு வருவோம். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகமா, டவுன் தனியார் கிளினிக்கா? மருந்தகத்துக்குக் காலையில் போனால் சினைமாட்டோடும் ஆட்டுக்குட்டியோடும் வரிசையில் நிற்க வேண்டும், நாய்க்கு என்று தனி வசதி இருக்காது. ஆனால் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் தாராளமாகப் போகலாம். ஜூலை 6 உலக விலங்கு வழி நோய்கள் தினம், பாஸ்டர் 1885ல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள். அதை ஒட்டியும் செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டியும் மருந்தகங்களில் இலவச முகாம் நடத்துவார்கள். பக்கத்துத் தோட்டத்து நாய்களையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான், ஏனென்றால் அவற்றுக்கு ஊசி இல்லாவிட்டால் என் நாய்க்குப் போட்டும் நிம்மதி இல்லை. தனியார் கிளினிக்கில் ரத்த அணு எண்ணிக்கையை அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். அதே சமயம் ஒரு டவுன் கிளினிக்கில் சாதாரணச் சொறிக்குப் போன எனக்கு முடி டானிக், ஈரல் டானிக், மல்டி வைட்டமின் என்று பை நிறையக் கொடுத்து அனுப்பினார்கள், சொறி போனது இரண்டு வாரம் கழித்து வேறு டாக்டர் கொடுத்த ஒரே மருந்தில். நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலருக்கு நினைவே வராது: நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிகள். நாமக்கல் கல்லூரி 1985லிருந்து இருக்கிறது. கொஞ்ச தூரம்தான், ஆனால் குழப்பமான நோய்க்கு அங்கே போனால் பல துறை டாக்டர்கள் ஒரே வளாகத்தில். நடக்க முடியாமல் கிடக்கிற மாட்டுக்கும் ஆட்டுக்கும் வண்டி வரவழைக்க 1962 என்ற எண் இருப்பது தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஊசியை மட்டும் பேரம் பேசித் தள்ளிப்போடாதீர்கள். ஆறு எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி ஆரம்பம், மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை என்று 16 வாரம் வரை. ஒரே ஊசியை ஏன் இத்தனை தடவை போட்டுக் காசு பிடுங்குகிறார்கள் என்று அக்கா கேட்டது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிற வரைக்கும் அது ஊசி மருந்தையே அடித்துத் தள்ளிவிடும், அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் திரும்பத் திரும்பப் போட்டு அந்த இடைவெளியைப் பிடிக்கிறார்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் பேதி போகிற குட்டியை ஒரு தடவை பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் வருடா வருடம். கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்திருக்கும். காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் வயலும் எலியும் தேங்கிய தண்ணீருமாக இருக்கிறவர்கள் அதை வருடம் தவறவிடக் கூடாது, அது நாயிடமிருந்து நமக்கும் வரும். குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று 12 வாரம் வரை, ஆறு மாதம் வரை மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று.

கட்டிப் போடுவதா, அவிழ்த்து விடுவதா? தோட்டத்தில் இது பெரிய வாதம். அவிழ்த்து விட்டால் நாய் சந்தோஷமாக இருக்கும், காவலும் காக்கும், உடம்பும் ஏறாது. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்க்கூட்டம் கடித்துக் குதறுகிற கொடுமை நம் எல்லோருக்கும் தெரியும். தெருநாய்தான் செய்கிறது என்று சொல்லிவிடலாம், ராத்திரியில் அந்தக் கூட்டத்தோடு நம் வீட்டு நாயும் போகாது என்று யார் சத்தியம் பண்ணுவது? பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் எலிக்கு வைத்த கேக்கை நாய் தின்பது இன்னொரு பயம். தொண்டாமுத்தூர், தாளவாடி மாதிரி மலையடிவாரமென்றால் சிறுத்தை வாசலுக்கே வந்து நாயைத் தூக்கும். பகல் பூரா சங்கிலியில் கட்டி வைத்தால் நாய் கடுப்பாகி யாரையும் கடிக்கிற குணம் வரும், அதுவும் கூடாது. நான் செய்வது: பகலில் வேலிக்குள் அவிழ்த்து விடுகிறேன், ராத்திரி கம்பிவலை அடித்த கூண்டறை. கூண்டறைக்கு ஆன செலவு ஒரு ஆட்டின் விலைகூட இல்லை.

மாடி வீட்டில் கேள்வி வேறு, எப்போது நடத்துவது என்பது. விடியற்காலை ஆறு மணிக்கும் பொழுது விழுந்த பிறகும்தான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை பகல் பதினொரு மணிக்குத் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள்; உங்களால் முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கரூர், ஈரோடு வெயிலில் மூடின காரில் பத்து நிமிடம் விட்டுப் போவதெல்லாம் கொலைக்குச் சமம். நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் ஐஸ் தண்ணீர் தேட வேண்டாம், சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே, காற்றுப் படும்படி வைத்து டாக்டரிடம் ஓட வேண்டும்.

குளிப்பாட்டுவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும், நம் ஷாம்பூ வேண்டாம், காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துத் துடைக்க வேண்டும். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் வெட்டுகிற நேரம். பல்லுக்கு நாய்க்கென்று உள்ள பேஸ்ட், நம் பேஸ்ட்டை விழுங்கினால் ஆகாது. நாய் அழகு நிலையத்தில் கொடுக்கிற காசுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் அது பட்டியலில் கடைசி.

அக்கா மகன் மாதம் மூவாயிரம் ஒதுக்குகிறேன், பிரித்துக் கொடுங்க மாமா என்றான். முதலில் ஊசிக்கும் குடற்புழு மருந்துக்கும் எடுத்து வை, அடுத்து உண்ணி மாத்திரை, மிச்சத்தில் வருகிற தீனியை வாங்கு, அந்த மிச்சத்துக்கு எந்தக் கம்பெனி வருகிறதோ அதுதான் உன் நாய்க்கு நல்ல கம்பெனி என்றேன். கொஞ்சம் ஏமாந்துதான் போனான், ஏதோ ஒரு பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பினான். குட்டி மல்லாக்கப் படுத்திருக்கிறது, அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் விரல் சந்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் மேசையில் ஒரு கிண்ணம் தயிர்சோறு.